வீட்டில் தீட்டிய கத்தி

போன மாதம் சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க ஆரணியில் ஒரு லேபுக்குப் போயிருந்தேன். ஊசி குத்திய பெண்ணிடம், "நானும் உன் வேலைதாம்மா பார்த்தேன், ரிடையராகிப் பல வருஷமாச்சு" என்று சொல்லித் தொலைத்தேன். அவள் என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய், மெழுகுக் கட்டி வெட்டும் மெஷினைக் காட்டினாள். பக்கத்தில் தீப்பெட்டி மாதிரி ஒரு டப்பா. அதிலிருந்து பிளேடு ஒன்றை உருவி மாட்டினாள், நாலு சுற்றுச் சுற்றினாள், கழற்றிக் குப்பையில் போட்டாள்.

"மழுங்கிடுச்சா?" என்று கேட்டேன்.

"தெரியலைங்க ஆன்ட்டி. எதுக்கும் மாத்திடுவோம்."

எதுக்கும் மாத்திடுவாளாம்! எனக்கு வந்த வயிற்றெரிச்சலைச் சொல்லி முடியாது. எங்கள் காலத்தில் ஒரு கத்தியின் விலையில் ஒரு பசுமாடு வாங்கலாம் என்று ஸ்டோர்க்காரர் மிரட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பார். அதை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தீட்டிக்கொண்டு வருவேன் என்றதும் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். "வீட்டுக்கா? காய் நறுக்கற கத்தி மாதிரியா? எழுதுங்க ஆன்ட்டி, யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். ஆனால் அந்தக் காலம் பொற்காலம் என்று நான் எழுதப்போவதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கத்தியால் என் தூக்கம் போயிற்று, பாதி சாப்பாடும் போயிற்று.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் எங்கேயாவது கட்டி வந்தால், சர்ஜன் அதிலிருந்து ஒரு துணுக்கு வெட்டி எங்கள் அறைக்கு அனுப்புவார். அதைப் பல மருந்துகளில் ஊறவைத்து, கடைசியில் உருக்கிய மெழுகில் போட்டு உறையவைப்போம். சோப்புக்கட்டி போல ஒரு சின்ன மெழுகுக் கட்டி, நடுவில் சதைத் துணுக்கு. அதை மெஷினில் மாட்டி, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரிப்பன் மாதிரி வரும். அதை வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்தி, சாயம் ஏற்றினால், டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் புற்றா இல்லையா என்று சொல்வார். எல்லாம் அந்தச் சீவலில் இருக்கிறது, சீவல் கத்தியில் இருக்கிறது. கத்தியின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உடைந்து ஒரு பல் விழுந்தாலும் போதும். ரிப்பன் நெடுகக் கோடு விழுந்து இரண்டாகக் கிழியும்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, வேலூரில் லேப் படிப்பு ஒன்று படித்து, எழுபதுகளின் நடுவில் ஆரணியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். படிப்பில் கத்தி தீட்டுவதைக் காட்டினார்கள். காட்டினார்கள், அவ்வளவுதான். கல்யாணமாகி முள்ளிப்பட்டில் ஒரு நெசவு வீட்டுக்குப் போனதும்தான் நிஜமாகவே தீட்டக் கற்றுக்கொண்டேன்.

எங்களுக்கு டாக்டரம்மா ஒருவர் செவ்வாயும் வெள்ளியும் வேலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். உயரமானவர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அறைக்குள் வந்ததும் உட்கார மாட்டார், ஸ்லைடு கேட்க மாட்டார். கையை நீட்டி, "கத்தி" என்பார். நான் கொடுப்பேன். ஜன்னலோரம் போய், விளிம்பு தன் பக்கம் இருக்கும்படி பிடித்து, மெல்லச் சாய்த்துப் பார்ப்பார். நன்றாகத் தீட்டிய விளிம்பில் வெளிச்சம் நிற்காது, ஒன்றுமே தெரியாது. மழுங்கியிருந்தால் வெள்ளைக் கோடாக மினுங்கும். பல் விழுந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு புள்ளி மினுங்கும்.

"சரோஜா, வெளிச்சம் தெரியுதே" என்பார். அவ்வளவுதான். கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். திட்டியிருந்தால்கூட நான் நிம்மதியாக அழுதிருப்பேன்.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "ஸ்லைடப் பார்க்காம ஏங்க டாக்டர் எப்பவும் கத்தியப் பார்க்கறீங்க?" என்று கேட்டேன்.

"சதையில இருக்கற கோடு எது, கத்தி போட்ட கோடு எதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றார்.

எங்கள் லேப் என்பது ஒரே அறை. அதே மேஜையில்தான் சளி, சிறுநீர், ரத்தம் எல்லாம். ரோட்டுப் புழுதி ஜன்னல் வழியாக வந்து படியும். அங்கே கத்தி தீட்டுவதாவது! இரண்டு கத்திகள் இருந்தன. ஒன்று மெஷினில் இருக்கும்போது இன்னொன்று என்னோடு முள்ளிப்பட்டுக்கு வரும். மரப்பெட்டியில் வைத்து, துண்டில் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொள்வேன். பஸ் குலுங்கினால் என் இடுப்பு ஒடிந்தாலும் பெட்டி குலுங்கக் கூடாது.

"என்னாம்மா, பொட்டியில தங்கமா கீது? எறக்கி வைக்கவே மாட்டேன்றியே" என்றார் கண்டக்டர் ஒருநாள்.

"கத்திங்க. மனுஷ சதை அறுக்கறது."

அதற்கப்புறம் அந்த பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலிதான்.

வீட்டுக் கூடத்தில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் என் வீட்டுக்காரர், இன்னொன்றில் அவருடைய தம்பி தாமு. இருவரும் பட்டுப்புடவை நெய்துகொண்டிருக்கும்போது தரையே அதிரும். தீட்டுகிற கண்ணாடிப் பலகையில் கத்தி வைத்திருக்கும் நேரத்தில் தரை அதிர்ந்தால் விளிம்பு போச்சு. அதனால் அவர்கள் தறியை விட்டு எழுந்து கை கால் கழுவும் சாயங்கால நேரத்துக்காகக் காத்திருப்பேன். கொல்லையில் துணி துவைக்கும் கல்லின்மேல் ஈரச் சாக்கை விரித்து, அதன்மேல் கனத்த கண்ணாடிப் பலகையைப் போடுவேன். தீட்டும் பொடியைச் சோப்புத் தண்ணீரில் குழைத்துத் தடவுவேன். கத்தியின் முதுகில் ஒரு குழாயைச் செருகினால் சாய்மானம் மாறாமல் நிற்கும். விளிம்பு முன்னால் போகும்படி, பிடிப்பக்கத்திலிருந்து நுனிவரைக்கும் குறுக்காக ஒரு தள்ளு. அப்புறம் முதுகின்மேல் புரட்டி மறுபக்கம் ஒரு இழுப்பு. விளிம்பின்மேல் ஒருக்காலும் புரட்டக் கூடாது. அழுத்தக் கூடாது, கத்தியின் கனமே போதும். சர்ர் சர்ர் என்று ஒரே சீராகச் சத்தம் வர வேண்டும். நடுவில் ஒரு கரகரப்பு வந்தால் அங்கேயே நிறுத்திக் கழுவிப் பார்க்க வேண்டும்.

கடைசியில் தோல் வார். சலூன்காரர் ஒருவரிடம் கெஞ்சி வாங்கியது. இதில் எல்லாம் தலைகீழ். முதுகு முன்னால் போக வேண்டும், விளிம்பு பின்னால் வர வேண்டும். ஞாபகம் தப்பிக் கண்ணாடியில் தள்ளுவது போலத் தோலில் தள்ளினால் தோலும் போச்சு, கத்தியும் போச்சு. மாற்றிச் செய்கிறேனோ, மாற்றிச் செய்கிறேனோ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே செய்வேன்.

"அண்ணி கத்தி தீட்டறாங்களா, மந்திரம் ஓதறாங்களா?" என்று தாமு கிணற்றடியிலிருந்து கேட்பான். கேட்டுவிட்டு விசில் அடிப்பான். அவனுக்கு எந்நேரமும் விசில்தான். தறியில் உட்கார்ந்தால் சினிமாப் பாட்டு ஒவ்வொன்றாக வரும். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவன் விசிலை வைத்தே நான் அவன் எந்த இடம் நெய்கிறான் என்று சொல்லிவிடுவேன். உடல் பகுதி என்றால் வேகமான பாட்டு. முந்தானையில் ஜரிகை நிறைய ஓடும்போது மெதுவான பாட்டு.

என் மாமியாருக்கு மட்டும் இந்தக் கத்தி ஆகவே ஆகாது. "மனுஷ மாம்சம் அறுக்கற கத்திய வூட்டாண்ட கொண்டாந்து வைக்கிறியே, நல்லாவா கீது?" என்பார். பெட்டி சமையல்கட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று சட்டம். நான் தீட்டி முடித்ததும் கொல்லை முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். தெளித்தால் தெளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் கோலமாவு விஷயத்தில் மட்டும் நான் விடவில்லை.

அது நடந்தது நான் அந்த வீட்டுக்குப் போன புதிதில். ஒரு வெள்ளிக்கிழமை டாக்டரம்மா கத்தியை ஜன்னலில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. மணல்ல தீட்டினியா?" என்று கேட்டார். அன்றைக்கு வெட்டிய ரிப்பன் எல்லாம் நார் நாராக வந்தது. யாரோ ஒரு அம்மாவுடைய ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. அந்த அம்மா வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து தேடினேன், தேடினேன். கடைசியில் பார்த்தால் கொல்லை வாசலில் மாமியார் போடும் கோலம். கல்லை அரைத்த மாவு. காற்றடித்தால் பறந்து வந்து என் சோப்புத் தண்ணீரில் விழுகிறது.

"இனிமே இந்த வூட்ல அரிசி மாவுலதான் கோலம்" என்றேன்.

"அரிசி விக்கிற வெலையில கோலத்துக்கு அரிசி மாவா? உன் கத்தி என்னா சாமியா?"

பெரிய ரகளை. என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் பேசாமல் தறிக்குள் இறங்கிவிட்டார். தாமுதான், "வுடும்மா, எறும்பாவது தின்னும்" என்று சொல்லி முடித்துவைத்தான். அன்றிலிருந்து அரிசி மாவுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் கோலத்தைத் தொட்டு, விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பேன்.

அப்புறம் சில வருஷம் பெரிய வில்லங்கம் எதுவும் இல்லை. எண்பதுகள் பிறந்திருந்தன. ஒருநாள் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது என்னவோ குறைகிறதே என்று பட்டது. பலகை சரி, பொடி சரி, சத்தமும் சரி. அப்புறம்தான் உறைத்தது. விசில் இல்லை. யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு மட்டும் இல்லை, பல நாளாகவே இல்லை.

"தாமு, இங்க வா. வாயத் தெற."

"ஒண்ணுமில்ல அண்ணி. வாய்ப்புண்ணு."

"தெறடான்றேன்!"

டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். கீழுதட்டின் உள்பக்கம் பட்டாணி அளவில் ஒரு கட்டி. மேலே புண். தொட்டேன், கல் மாதிரி இருந்தது. வெற்றிலைக் காவி படிந்த பற்கள் வேறு. இந்தக் கையால் இப்படிப்பட்ட உதட்டுத் துணுக்குகளை எத்தனையோ வெட்டியிருக்கிறேன். அவற்றின் ரிப்போர்ட்டில் என்ன எழுதி வந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் ஆஸ்பத்திரி சர்ஜனிடம் கூட்டிப்போனேன். அழுத்திப் பார்த்தார். "வெத்தலை போடுவியா? எத்தனை நாளா கீது?" என்று கேட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: புற்றாக இருந்தால் மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும், உதட்டோடு தாடையிலும் ஒரு பகுதியை எடுத்துவிடுவார்கள், முதலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்போம். தாமு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை விரலால் மூடிக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

வந்த துணுக்கு துவரம்பருப்பு அளவுதான். அதை நான் கெடுத்தால் மறுபடியும் அவன் உதட்டை வெட்ட வேண்டும். டாக்டரம்மாவிடம், "இது என் கொழுந்தனோடதுங்க" என்றேன்.

"வேற யாரையாவது வெட்டச் சொல்லட்டுமா?"

அந்த ஆஸ்பத்திரியில் வேறு யார் இருந்தார்கள்? "நானே வெட்டுறேங்க."

"அப்ப மத்ததை வெட்டற மாதிரியே வெட்டு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

மத்ததை வெட்டுகிற மாதிரியா வெட்ட முடியும்? மெழுகைச் சீவிச் சீவி, சதை தெரிய ஆரம்பித்ததும் கத்தியைத் துடைத்து, சாமியை வேண்டிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினேன். ரிப்பன் வந்தது. அழகாகத்தான் வந்தது. நாலைந்து சீவல் போனதும் நடுவில் ஒரு கோடு. அடுத்த சீவலில் கோடு கிழிசலானது. கை நின்றுவிட்டது. கத்தியைக் கொஞ்சம் நகர்த்தி, புது இடத்தில் வெட்டிப் பார்த்தேன். மறுபடியும் கோடு. அடுத்துச் சுற்ற எனக்குத் தைரியமில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் தாமுவின் துணுக்கு தேய்கிறது.

கத்தியோடு வீட்டுக்கு வந்தேன். மனசில் ஒரே நினைப்புதான்: பல் விழுந்திருக்கிறது, நான்தான் சரியாகத் தீட்டவில்லை. பலகையை மூன்று தரம் கழுவினேன். புதுச் சாக்கு விரித்தேன். தீட்ட ஆரம்பித்தபோது தாமு வந்து துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அண்ணி, இது எனக்கா?"

நான் நிமிரவில்லை. "எல்லாருக்கும்தான்."

"பொய் சொல்லாதீங்க. பலகைய மூணு தரம் கழுவினதப் பாத்தேன்." கொஞ்ச நேரம் கத்தி போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லா தீட்டுங்க அண்ணி. மழுங்கின கத்தியால வெட்டி, இல்லாத நோயக் கண்டுபுடிச்சிடப் போறாங்க."

"எழுந்து போடா அந்தப் பக்கம்" என்று கத்தினேன். அவன் போன பிறகு சோப்புத் தண்ணீரில் என் கண்ணீரும் விழுந்தது. விழுந்தால் பொடி கெட்டுவிடுமே என்று அதையும் துடைத்தேன். அப்படி ஒரு பிழைப்பு.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இருந்த இன்னொரு கத்தியை மாட்டினேன். அது நன்றாக இருந்த கத்தி. காலையில்தான் வேறொரு கட்டியைக் கண்ணாடி மாதிரி வெட்டியிருந்தது. தாமுவின் கட்டியை வைத்ததும் இரண்டாவது சுற்றிலேயே கோடு. முந்தின நாள் வீட்டில் தீட்டிய கத்தியை மாட்டினேன். அதிலும் கோடு. இரண்டு கத்தியும் கெட்டுப்போயிற்று என்றுதான் என் புத்திக்குப் பட்டது. பயத்தில் இருக்கிறவளுக்குப் புத்தி எப்படி வேலை செய்யும்? நேராக வீட்டுக்கு வந்து மாமியாரைப் பிடித்துக்கொண்டேன்.

"மறுபடியும் கல்லு மாவு வாங்கினீங்களா? உண்மையச் சொல்லுங்க அத்தை."

"தொடவே இல்லடி." அவர் கொல்லை வாசலில் போட்டிருந்த கோலத்தை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். "பாத்துக்கோ. அரிசி மாவுதான். என் புள்ள வாயி இப்புடி கெடக்கும்போது நான் உங்கிட்ட வெளையாடுவனா?" என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் வந்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, கிணற்றில் தண்ணீர் இறைத்து வைத்தார்.

அடுத்து நான் வெட்டவில்லை. மிச்சமிருந்தது அரைப் பருப்பு. வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வரட்டும், என்னை வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் சரி என்று இருந்தேன். அந்த இரண்டு நாளும் தாமு தறியில் உட்கார்ந்து நெய்தான். நூல்களுக்கு நடுவே ஓடும் நாடாவின் சத்தம் மட்டும் கேட்டது.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வந்தார். கையை நீட்டினார். இரண்டு கத்தியையும் கொடுத்து, நடந்ததை மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன். அவர் ஜன்னலுக்குப் போனார். முதல் கத்தியைச் சாய்த்துப் பார்த்தார். இரண்டாவதைச் சாய்த்துப் பார்த்தார். நான் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"நல்லாத்தானே தீட்டியிருக்க" என்றார். "வெளிச்சமே தெரியலையே. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு ரெண்டு பல்லுதான் விழுந்திருக்கு. கத்திய நகர்த்தி வெட்டினியா?"

"நகர்த்தினேங்க."

"கோடும் நகர்ந்துச்சா?"

நகரவில்லை. கத்தியில் பல் இருந்தால், கத்தியை நகர்த்தும்போது கோடும் கூடவே நகர வேண்டும். இது எந்தக் கத்தியை மாட்டினாலும், எங்கே நகர்த்தினாலும், துணுக்கின் நடுவில் அதே இடத்தில் விழுந்திருக்கிறது. கத்தி கட்டியைக் கிழிக்கவில்லை. கட்டிதான் கத்தியைக் கடித்திருக்கிறது.

"ஒரு சுத்து சுத்து" என்றார். சுற்றினேன். பயத்தில் இத்தனை நாள் காதில் விழாத ஒரு சத்தம் அன்றைக்குக் கேட்டது. டிக் என்று, நகம் முறிகிற மாதிரி. அவர் லென்ஸை எடுத்து மெழுகுக் கட்டியின் முகத்தில் வைத்துக் குனிந்தார். வெகு நேரம் குனிந்தே இருந்தார்.

"சரோஜா, இங்க வா. ஏதோ மினுங்குது. இது என்னது?"

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். சதைக்கு நடுவில் ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி. மஞ்சளாக மினுங்கியது. அந்த மினுக்கத்தைத் தினமும் கூடத்தில் பெருக்கித் தள்ளுகிறவளுக்குத் தெரியாமல் போகுமா?

"ஜரிகைங்க டாக்டர்."

"ஜரிகையா? உதட்டுக்குள்ளயா?"

நான் செய்தே காட்டினேன். நெய்யும்போது ஜரிகை அறுந்தால் ஒரு கையில் நாடா இருக்கும், இன்னொரு கை பாவு நூலில் இருக்கும். அறுந்த முனையைக் கீழுதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் செருகிக்கொள்வார்கள். முடிச்சுப் போட்டதும் மிச்சத்தைப் பல்லால் நறுக்கென்று கடித்துத் துப்புவார்கள். முள்ளிப்பட்டில் எந்த வீட்டில் பார்த்தாலும் இப்படித்தான். கத்தரியை எடுக்கக் கை நீட்டுவதற்குள் வாய் வேலையை முடித்துவிடும். அப்படிக் கடித்ததில் ஒரு துணுக்கு வெளியே வராமல் உதட்டுக்குள்ளேயே ஏறியிருக்கிறது.

டாக்டரம்மா கோடு விழுந்த ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றித் தரச் சொன்னார். ஏற்றித் தந்தேன். மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஸ்லைடு இப்படி நகர்ந்தது, அப்படி நகர்ந்தது. ஜரிகை இருந்தால் புற்று இருக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? இரண்டும் சேர்ந்தே இருந்தால்? அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. அந்த அறையின் சுவர்க் கடிகாரத்தை அன்றைக்குப் போல நான் என்றைக்கும் வெறுத்ததில்லை.

கடைசியில் கண்ணை எடுத்தார். "அந்தத் துணுக்கச் சுத்தி உடம்பு கோட்டை கட்டியிருக்கு. அதுதான் கட்டி, அதுதான் கெட்டியா இருந்தது. புத்து இல்ல, சரோஜா."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவர் என் தோளில் கை வைத்தார். அந்த அம்மா என்னைத் தொட்டது அந்த ஒரே தடவைதான்.

"எழுந்திரு" என்றார். "மீதி துணுக்கையும் வெட்டு. ஒண்ணு விடாம பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். கத்தி போனா போகட்டும்."

கத்தி போனா போகட்டும்! அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை இது. வெட்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் டிக், டிக் என்று கேட்டது. எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். எதிலும் புற்று இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் இரண்டும் நின்றன. சொல்ல வேண்டியதை அழகாகச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். தாமுவின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"பாவி! ஜரிகையத் தின்னுட்டு எங்க உசுர வாங்கிட்டியேடா!" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொன்னதும் உதட்டைத் தொட்டுப் பார்த்தான். "ஜரிகையா? நம்ம ஜரிகையேவா அண்ணி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். என் வீட்டுக்காரர் குழித்தறிக்குள் நின்றபடியே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். மாமியார் ரேணுகாம்பாள் அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாராம். படவேட்டுக் கோயிலுக்கு எந்தக் கிழமை போவது என்று அப்போதே பேச ஆரம்பித்துவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "இப்ப சொல்லு, கோலமாவு மேல தப்பா?" என்றார். இல்லைங்க அத்தை என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

சர்ஜன் அந்தக் கட்டியை முழுசாக எடுத்தார். தையல் பிரித்து, புண் ஆறி வரும்போது இரண்டு கத்தியும் பல் விழுந்தபடியே என் பெட்டியில் கிடந்தன. பல்லை எடுக்க வேண்டுமென்றால், பல்லின் அடிவரைக்கும் மொத்த விளிம்பையும் தேய்த்து இறக்க வேண்டும். நாள் கணக்கில் வேலை. நான் பலகையை விரித்ததும் தாமு வந்தான்.

"என் வாயால வந்த பேஜாரு. குடுங்க அண்ணி, நானே தேய்க்கறேன்."

கொடுத்தேனே ஒழிய, பக்கத்திலிருந்து ஒரு நிமிஷம் நகரவில்லை. "அழுத்தாதே! முதுகுல புரட்டு! ஐயோ, முதுகுலடா!" என்று ஒவ்வொரு தள்ளுக்கும் கத்தினேன். நூலோடு பழகிய கை என்பதால் சீக்கிரமே படிந்துவிட்டது. சர்ர் சர்ர் என்று சீராக வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து, காற்று மட்டும் போகிற மாதிரி, பாதி விசில் ஒன்று கேட்டது. நான் கத்துவதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தக் கத்திகள் நான் ரிடையராவதற்கு முன்பே போய், குப்பையில் போடும் பிளேடுகள் வந்துவிட்டன. வந்த அன்றைக்கு நான் தேங்காய் உடைத்தேன். லேபில் அந்தப் பெண்ணிடம் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு வந்தேன்: "பிளேடு தாராளமா மாத்தும்மா. மாத்தியும் கோடு அதே எடத்துல வந்தா, அந்தக் கட்டிய மட்டும் உங்க டாக்டர்கிட்ட காட்டிடு." சரிங்க ஆன்ட்டி என்றாள். அவள் கவனித்தாளா என்று யோசித்து யோசித்து அன்றைக்கும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

தாமு அந்தச் சமயத்தோடு வெற்றிலையை விட்டுவிட்டான். அந்தக் கட்டிக்கும் வெற்றிலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் விட்டது நல்லதுதான். ஜரிகையைப் பல்லால் கடிப்பதை மட்டும் இன்றுவரை விடவில்லை. அவன் தறிக்கு மேலே கயிற்றில் கத்தரி கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். "கை போறதுக்குள்ள வாய் போயிடுது அண்ணி, நான் என்னா பண்ணுவேன்?" என்கிறான்.

இப்போது பக்கத்து வீட்டில்தான் இருக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் விசில் கேட்கிறவரைக்கும் நான் என் வேலையைப் பார்ப்பேன். நின்றுவிட்டால் எனக்குக் கை ஓடாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், "வாயத் தெறடா" என்பேன். தண்ணி குடிக்கத்தான் நிறுத்தினேன் என்று சத்தியம் செய்வான். தலை முழுக்க நரைத்த ஆள், பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று சிரிக்கச் சிரிக்க, என் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். ஒன்றும் இருக்காது. உதட்டை மடக்கி, உள்பக்கம் விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன்.